ஐஸ் ரூமுக்கு வந்த அறுநூறு கோட்டு

கத்திரி வெயில் தொடங்கி எட்டாவது நாள், ஒரகடத்தில் இருக்கும் ஹெல்ம்ஃப்ராஸ்ட் குளிர்பதனக் கிடங்குக்கு அறுநூறு கம்பளிக் கோட்டுகள் வந்து இறங்கின.

கம்பெனியின் தலைமையகம் ஐரோப்பாவின் வடகோடியில், வருஷத்தில் ஏழு மாதம் பனி கொட்டும் ஓர் ஊரில் இருந்தது. ஏழை என்றால் யார் என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குக் குழப்பமே இல்லை. குளிரில் நடுங்குகிறவன்தான் ஏழை. ஆகவே உலகத்தில் தங்களுக்கு இருக்கும் கிளை ஒவ்வொன்றுக்கும் அறுநூறு கோட்டு என்று அனுப்பிவைத்தார்கள். திட்டத்தின் பெயர் 'ஒரு லட்சம் அரவணைப்புகள்'. ஜூன் முப்பதாம் தேதிக்குள் அரவணைத்து முடித்து, புகைப்படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு.

கோட்டுகள் வந்த அன்றைக்கு அவற்றை வைக்க இடமில்லை. மே மாதம் ஐஸ்கிரீம் வியாபாரம் சூடு பிடிக்கும் மாதம். வெளிக் கிடங்கு முழுக்க கோன் பெட்டிகளும் கப் பெட்டிகளும் கூரையைத் தொட்டு நின்றன. காலியாக இருந்தது மூன்றாம் நம்பர் ஐஸ் ரூமில் ஒரு மூலை மட்டும்தான். அங்கே எப்போதும் மைனஸ் இருபது டிகிரி. கோட்டுகளை அங்கே அடுக்கிவைக்கச் சொல்லி மேலிடம் முடிவெடுத்தது.

அடுக்கியவர்கள் அந்த ஐஸ் ரூமில் வேலை செய்யும் இருபத்திரண்டு பெண்கள். எல்லோரும் எல்லப்பன் என்ற கான்ட்ராக்டரின் ஆட்கள். கொளத்துமேடு, வல்லம், மணிமங்கலம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது குளிர் ஜாக்கெட்டுகள் இருந்தன. அரைமணி நேரம் ஒருத்தி போட்டுக்கொண்டு உள்ளே போவாள். அவள் வெளியே வந்ததும், அவள் வேர்வையோடு அடுத்தவள் வாங்கி மாட்டிக்கொள்வாள். ஜாக்கெட் கிடைக்காதவர்கள் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டு, தலையில் துண்டைச் சுற்றி, காலுறைக்குள் பால் கவரை மாட்டிக்கொண்டு போவார்கள்.

அம்சவல்லிக்கு வயது நாற்பத்தொன்று. அந்த ரூமில் மூன்று வருஷ அனுபவம். அவள்தான் முதல் பெட்டி கிழிந்து உள்ளே இருப்பதைப் பார்த்தவள். கருநீலக் கோட்டு. கழுத்தைச் சுற்றி ரோமம். தொட்டால் கோழிக்குஞ்சைத் தொட்ட மாதிரி இருந்தது. அவளோடு பெட்டி தூக்கிக்கொண்டிருந்த பூமாரி, கையுறையைக் கழற்றிவிட்டு அந்த ரோமத்தின்மேல் புறங்கையை வைத்துத் தேய்த்தாள். பூமாரிக்கு இருபத்தாறு வயது. கொஞ்ச நாளாகவே அவளுக்கு வலது கை விரல் நுனிகள் மரத்துப்போய், தோல் உரிந்துகொண்டிருந்தது.

"சார், ஜாக்கெட் இல்லாதவங்க ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கறோம் சார். ஷிப்ட் முடிஞ்சி மடிச்சி வச்சிடறோம்" என்று அம்சவல்லி சூப்பர்வைசர் தமிழ்வாணனிடம் கேட்டாள்.

"தொடாத. அது ஏழைங்களுக்கு வந்திருக்குது."

"அப்ப நாங்க யாரு சார்?"

"நீங்க கான்ட்ராக்ட்" என்றார் தமிழ்வாணன்.

அவரும் கான்ட்ராக்ட்தான்.

*

ஏழைகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஹேமந்த் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கம்பெனியின் சமூகப் பொறுப்பு அதிகாரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டேப்லெட்டோடு கொளத்துமேட்டில் வந்து இறங்கினார். தலைமையகம் அனுப்பிய கேள்விகள் அதில் இருந்தன. ஒரு கேள்விக்குப் பதில் போட்டால்தான் அடுத்த கேள்வி திறக்கும்.

அம்சவல்லியின் பக்கத்து வீடு மீனம்மாளுடையது. ஹேமந்த் அங்கிருந்து ஆரம்பித்தார்.

"போன குளிர்காலத்துல உங்க வீட்டுக் கூரை மேல எத்தனை அங்குலம் பனி விழுந்துச்சும்மா?"

மீனம்மாள் கூரையைப் பார்த்தாள். "இன்னாபா கேக்குற? தேங்கா மட்டைதான் விழும்."

"பூஜ்யம்னு போட்டா மேல போகமாட்டேங்குது. ஒண்ணுன்னு போட்டுக்கறேன். வீட்ல ஹீட்டர் இருக்கா?"

"ஃபேனே சுத்தல."

"ஹீட்டர் இல்லை. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி?"

"ஜன்னல் கீது. கண்ணாடி இல்ல. தோ பாரு, அதெல்லாம் விடு. நாலு மாசமா பைப்புல தண்ணி வர்ல. உங்க கம்பெனி போர் போட்டதுலருந்து எங்க கெணறு வத்திப்போச்சி. அத எழுதிக்கோ."

ஹேமந்த் மனப்பூர்வமாகத் தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். தண்ணீர் என்று ஒரே ஒரு இடம்தான் இருந்தது. 'உருகிய பனிநீர் போதுமான அளவு கிடைக்கிறதா?' அதில் 'இல்லை' என்று போட்டார். மீனம்மாள், தன் குறை மேலிடத்துக்குப் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டு அவருக்கு மோர் கொடுத்தாள்.

அம்சவல்லி வீட்டுக்கு வந்தபோது எல்லாக் கேள்விகளுக்கும் நல்லபடியாக மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் பிரவீனா கல்லூரியில் படிக்கிறாள். தகரக் கூரை. ஹேமந்த் முகத்தில் திருப்தி தெரிந்தது. கடைசியாக, எங்கே வேலை என்று கேட்டார்.

"உங்க கம்பெனிதான் சார். ஐஸ் ரூம்."

ஹேமந்த் டேப்லெட்டிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டார்.

"அப்ப உங்களுக்குக் குடுக்க முடியாதும்மா. கம்பெனி தன்னோட ஆளுங்களுக்கே தானம் பண்ணக்கூடாது. அது ஊழல்ல வரும்."

"போன தீபாவளிக்குப் போனஸ் கேட்டப்ப, நீங்க கம்பெனி ஆளே கெடையாது, எல்லப்பன் ஆளுன்னு சொன்னாங்களே சார்?"

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் ஹேமந்த்.

"சார், நெசமாவே குளிருற ஆளுங்க நாங்கதான். மைனஸ் இருபது. இந்த ஊர்ல வேற யாருக்கு சார் குளிருது?"

"உங்களுக்குக் குளிர்றது வேலை நேரத்துலம்மா. அது பாதுகாப்பு உபகரணத்துல வரும். அதக் கான்ட்ராக்டர்தான் குடுக்கணும். இது வாழ்க்கைல குளிர்றவங்களுக்கு" என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

கணக்கெடுப்பு முடிந்தது. இருநூற்றுப் பதினான்கு வீடுகள். ஒரு வீட்டில்கூட ஹீட்டர் இல்லை, ஒரு ஜன்னலில்கூட ரெட்டைக் கண்ணாடி இல்லை. இந்த விவரம் தலைமையகத்துக்குப் போனதும் அங்கே பெரிய அதிர்ச்சி. திட்டம் நடக்கும் நாடுகளிலேயே, ஏன், பனிக்கரடி உலாவும் தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால்கூட, மிக அதிகமாகக் கைவிடப்பட்ட ஊர் கொளத்துமேடுதான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. உலகிலேயே முதலிடம். கிளைத் தலைவர் எழிலரசனுக்குத் தனியாகப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆனால் ஒரு சிக்கல். வீட்டில் யாருமே வேலையில் இல்லாத குடும்பம்தான் பயனாளி ஆகலாம். கொளத்துமேட்டில் நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டதால் எல்லா வீட்டிலும் ஒருவராவது ஏதாவது ஒரு கம்பெனியில் பெருக்கவோ, பெட்டி தூக்கவோ, வேன் ஓட்டவோ போய்க்கொண்டிருந்தார்கள். தேறியது முப்பத்தொரு பேர். கோட்டு அறுநூறு.

இந்த இடத்தில்தான் கான்ட்ராக்டர் எல்லப்பன் கம்பெனிக்குக் கைகொடுத்தார். அவர் பல கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர். தன் ஆட்களைப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து நாள் வேலையைவிட்டு நிறுத்தி, மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார். அதற்கு 'பிரேக்' என்று பெயர். பெர்மனென்ட் என்று யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

"பிரேக்ல இருக்கறவன் வேலையில்லாதவன்தானே சார்?" என்று எல்லப்பன் எழிலரசனிடம் கேட்டார். "உங்களுக்கு எத்தினி ஏழை வேணும், சொல்லுங்க. நான் அனுப்பறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐஸ் ரூம் பெண்கள் இருபத்திரண்டு பேருடைய அடையாள அட்டையும் வாங்கிக்கொள்ளப்பட்டது. மற்ற கம்பெனிகளில் இருந்த எல்லப்பன் ஆட்களும் அதே நாளில் நிறுத்தப்பட்டார்கள். ஒரே கையெழுத்தில் அத்தனை ஏழைகள் உருவானார்கள். ஐந்து நாளைக்குக் கூலி இல்லாததால், அவர்கள் உண்மையாகவே ஏழைகளாகவும் இருந்தார்கள்.

*

விழா ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியே நாற்பத்தொரு டிகிரி. உள்ளே ஏசியைப் பதினாறில் வைத்திருந்தார்கள். பயனாளிகளுக்குக் கோட்டின் தேவை புரிய வேண்டும் என்பதற்காக ஹேமந்த் செய்த ஏற்பாடு அது. மேடைக்குப் பின்னால் பனிமலையும் ஊசியிலை மரங்களும் உள்ள பெரிய ஃபிளெக்ஸ். மரத்தடியில் ஒரு மான் நின்றது.

எழிலரசன் பேசினார்.

"நண்பர்களே, நாங்கள் குளிரை விற்கிற நிறுவனம். குளிரை விற்கிறவனுக்குத்தான் சூட்டின் அருமை தெரியும். சிலர் என்னிடம் கேட்டார்கள், இந்த வெயிலில் எதற்குக் கோட்டு என்று. நான் சொன்னேன், வெயில் இந்த ஊருக்குச் சொந்தமானது, கோட்டு எங்களுக்குச் சொந்தமானது, அவரவரிடம் இருப்பதைத்தானே அவரவர் தர முடியும்! இன்னும் சிலர், முதலில் உங்கள் தொழிலாளர்களுக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நண்பர்களே, நிர்வாகம் படித்தவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளிக்குக் கோட்டு கொடுத்தால் அது செலவு. ஏழைக்குக் கொடுத்தால் அது சேவை. செலவை ஒவ்வொரு வருஷமும் பத்து சதவீதம் குறைத்து, சேவையைப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டு போகிறோம். இதுதான் எங்கள் வெற்றியின் ரகசியம்."

கைதட்டல் பலமாக இருந்தது. தட்டினால் கை கொஞ்சம் சூடானது.

ஒவ்வொருவராக மேடை ஏறி, விரல் ரேகை வைத்து, கோட்டு வாங்கி, மாட்டிக்கொண்டு, மானுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்சவல்லியின் ரேகை முதல் தடவையே விழுந்தது. பூமாரியுடையது விழவில்லை. வலது கை விரல்களை மாற்றி மாற்றி வைத்தாள். துடைத்துவிட்டு வைத்தாள். எச்சில் தொட்டு வைத்தாள். மெஷின் ஒவ்வொரு தடவையும் சிவப்பாக மினுக்கியது.

"ரேகையே இல்லியேம்மா. எங்க போச்சி?" என்றார் மெஷின் வைத்திருந்தவர்.

"ஐஸ் ரூம்ல உரிஞ்சிபோச்சி சார்."

"இடது கை வைக்கட்டுமே சார்" என்றாள் அம்சவல்லி.

"வலது கைதான் கேக்குது" என்று ஹேமந்த் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "சிஸ்டம் அக்செப்ட் பண்ணல. பெண்டிங்ல போட்டு வைக்கறேன். நீங்க ஃபோட்டோவுக்கு மட்டும் நில்லுங்க."

பூமாரிக்கு ஒரு கோட்டை மாட்டிவிட்டு மானுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய வாழ்க்கையில் அவள் அந்தக் கோட்டைப் போட்டிருந்த நேரம் அவ்வளவுதான்.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. அறுநூறு பேரில் பாதிப்பேர் அங்கேயே கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒருவாரத்தில் கொளத்துமேட்டில் கோட்டுகள் மோட்டார் பம்புக்கு உறையாகவும், பைக் சீட்டாகவும், ஊரில் மிஞ்சியிருந்த ஒரே வேர்க்கடலைக் காட்டில் பன்றி விரட்டும் பொம்மையின் உடுப்பாகவும் மாறிவிட்டிருந்தன. மீனம்மாள் தன்னுடையதை நாய்க்குட்டிகளுக்கு விரித்துப் போட்டாள். குட்டிகள் வெக்கை தாங்காமல் எழுந்துபோய் மண்ணில் படுத்துக்கொண்டன.

"வுடுக்கா, எனக்கு வேணாம்" என்றாள் பூமாரி, விழா முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது.

"இன்னா வேணாம்? என்னுது கீதே. பாதி ஷிப்ட் நீ போடு, பாதி ஷிப்ட் நான் போடறேன்" என்றாள் அம்சவல்லி. அன்று அவளுக்கு உண்மையிலேயே மனசு நிறைந்திருந்தது. இருபத்தொரு கோட்டு, ஒன்பது ஜாக்கெட். இனி ஐஸ் ரூமில் ஒருத்திகூட வெறும் சட்டையோடு நிற்கவேண்டியதில்லை. ஏழையாக ஐந்து நாள் இருந்தது வீண் போகவில்லை என்று நினைத்தாள்.

*

பிரேக் முடிந்த அன்று பகல் ஷிப்ட். இருபத்தொரு பேரும் கோட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கேட்டில் செக்யூரிட்டி மறித்தான்.

"கோட்டு உள்ள போகக்கூடாது. ஆர்டர் கீது."

"ஏன்பா? எங்களுக்குக் குடுத்தது."

"அதான். தானம் பண்ணினது திரும்பி உள்ள வந்தா ரிட்டர்ன்ல வரும். அறுநூறு குடுத்தம்னு மேல எழுதியாச்சி."

பெண்கள் கையில் வைத்திருந்தால்தானே ரிட்டர்ன், போட்டுக்கொண்டால் உடுப்புதானே என்று யோசித்து எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். இப்போது வேறொரு விதி வந்தது. கோட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருந்தது. கம்பெனி முத்திரை போட்ட உடுப்பைக் கம்பெனி ஊழியர் மட்டும்தான் கேட்டுக்குள் அணியலாம். தமிழ்வாணனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, இந்தக் கோட்டு மைனஸ் இருபதுக்குச் சான்றிதழ் வாங்காத கோட்டு, இதைப் போட்டுக்கொண்டு ஐஸ் ரூமுக்குள் போனால் பாதுகாப்பு விதிமீறல் என்று மூன்றாவது விதியைச் சொன்னார்.

"சட்டைக்குச் சான்றிதழ் கீதா சார்?" என்று அம்சவல்லி தன் புருஷனுடைய பழைய சட்டைக் காலரை இழுத்துக் காட்டினாள். "மூணு வருஷமா இதப் போட்டுகினுதானே உள்ள போறேன்?"

"சட்டை உடுப்பும்மா. அது விதியில வராது."

"அப்ப கோட்டு இல்லாம உள்ள போகமாட்டோம் சார்" என்றாள் அம்சவல்லி. அப்படிச் சொல்வோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற இருபத்தொரு பேரும், கோட்டு இல்லாத பூமாரி உட்பட, அவள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

ஆறுவழிச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உச்சி வெயில். கேட்டுக்கு எதிரே நிழலே கிடையாது. கழற்றினால் செக்யூரிட்டி வாங்கிக்கொள்வான் என்று யாரும் கோட்டைக் கழற்றவில்லை. கழுத்தைச் சுற்றிய ரோமம் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண் மயக்கமாய் வருகிறது என்று தரையில் உட்கார்ந்தாள். ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா உங்க பிரச்சினை?" என்று கேட்டார்.

"குளிருது சார்" என்றாள் அம்சவல்லி.

போலீஸ்காரர் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நடவடிக்கை எடுப்பதற்கு ஆதாரம் வேண்டுமென்று ஆபீசிலிருந்து ஒருவர் வந்து எல்லோரையும் படம் பிடித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லப்பன் காரில் வந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"உள்ள போறவங்க போகலாம். போகாதவங்களுக்கு பிரேக் இன்னும் முடியல. வெளில வேற இருபத்திரண்டு பேரு நிக்கறாங்க."

கோட்டுகளைச் செக்யூரிட்டி அறையில் குவித்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அம்சவல்லி கடைசியாகப் போனாள்.

வீணான ஒன்றரை மணி நேரத்தை ஈடுகட்ட வேண்டும் என்று தமிழ்வாணனுக்கு உத்தரவு. ஐஸ்கிரீம் லாரிகள் ஏழு நின்றுகொண்டிருந்தன. அரைமணிக்கு ஒருமுறை வெளியே வரும் வழக்கம் அன்றைக்கு ரத்தானது. வெயிலில் நனைந்த சட்டையோடும் வேர்வை ஊறிய கையுறையோடும் இரண்டே முக்கால் மணி நேரம் உள்ளேயே நின்று பெட்டி தூக்கினார்கள். ஜாக்கெட் போட்டிருந்த ஒருத்தி பாதி நேரத்தில் அதைக் கழற்றிப் பூமாரிக்குக் கொடுத்தாள். ஜாக்கெட்டுக்கு விரல் இல்லை.

வெளியே வந்து பூமாரி வலது கையுறையை இழுத்தபோது வரவில்லை. அம்சவல்லி பல்லால் கடித்து இழுத்தாள். கையுறையோடு தோலும் வந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. "வலிக்குதாடி?" என்று அம்சவல்லி கேட்டாள்.

"இல்லக்கா. ஒண்ணுமே தெரியல" என்றாள் பூமாரி. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் மருந்து கட்டிப் பார்த்துவிட்டு, கறுத்துப்போன இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் கேட்ட விபத்துச் சான்றிதழுக்காக அம்சவல்லி கம்பெனிக்குப் போனாள். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்: 1,418' என்று பலகையில் எழுதியிருந்தது. ஹேமந்த்தும் தமிழ்வாணனும் வரவேற்பறையில் அவளைப் பார்த்தார்கள்.

"அந்தத் தேதியில பூமாரி வேலையிலயே இல்லையேம்மா" என்றார் ஹேமந்த். எல்லப்பன் கொடுத்த தாளைக் காட்டினார். பூமாரி ஒருத்திக்கு மட்டும் பிரேக் மேலும் ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டிருந்தது.

"உள்ளதானே சார் இருந்தா? இவர்தானே வெளிய வுடல?"

தமிழ்வாணன் ஜன்னலைப் பார்த்தார்.

"ரெக்கார்டுபடி அன்னிக்கு அவங்க எம்ப்ளாயி இல்லம்மா, பயனாளி" என்றார் ஹேமந்த். "பயனாளிக்கு விபத்து நடந்தா அதுக்கு ஃபார்ம் கிடையாது."

அம்சவல்லிக்கு அழுகை வரவில்லை. "உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா இப்டிப் பேசுவியாடா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவளுக்கும் பிரேக் கொடுத்தார்கள். அது முடியவே இல்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கேன்டீனில் சப்பாத்தி போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். தொழிலாளர் ஆபீசுக்குப் பூமாரிக்காக நாலு தடவை மனு கொண்டுபோனாள். பூமாரி அங்கே வேலை செய்தாள் என்பதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

*

நடவடிக்கைக்காக எடுத்த அந்தப் படம், யாருடைய தவறாலோ, அரவணைப்பு அறிக்கையோடு சேர்ந்து தலைமையகத்துக்குப் போய்விட்டது. உச்சி வெயிலில், சாலையோரத்தில், கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டோடு நிற்கும் பெண்கள். அங்கே இருந்தவர்கள் மனமுருகிப் போனார்கள். கோட்டைக் கழற்றவே மனமில்லாமல் இவர்கள் வெயிலிலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! இந்த ஒரு படத்துக்காக ஒரகடம் கிளைக்கு அந்த வருஷத்தின் 'மனிதநேய விருது' கிடைத்தது. திட்டத்தின் தலைவி மார்த்தா அம்மையார், அந்தப் பெண்களை நேரில் பார்க்க ஆகஸ்ட் மாதம் கிளம்பி வந்தார்.

படத்தில் முன்னால் நிற்பவள் அம்சவல்லி. அவள் இல்லாமல் முடியாது. ஹேமந்த் கேன்டீனுக்கே வந்து கூப்பிட்டார்.

"வரேன். பூமாரியும் வருவா" என்றாள்.

"அது எதுக்கும்மா..."

"அப்ப நானும் வரல."

ஹேமந்த் ஒப்புக்கொண்டார். மொழிபெயர்ப்பது அவர்தான் என்பது அம்சவல்லிக்குத் தெரியும். ஆகவே முதல்நாளே மகள் பிரவீனாவிடம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் கேட்டுக்கொண்டாள். பிரவீனா நீளமாகச் சொல்லிக்கொடுத்தாள். அம்சவல்லியின் வாயில் நின்றது கொஞ்சம்தான். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அதை நூறு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மார்த்தா அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த தலை, இளகின முகம். கொளத்துமேட்டுப் பள்ளிக்கூட மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேர்த்துக்கொட்ட, எல்லோருடைய கையையும் பிடித்துப் பேசினார். பூமாரி கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"கோட்டு எப்படி இருக்குன்னு மேடம் கேக்கறாங்க" என்றார் ஹேமந்த்.

அம்சவல்லி அவரைப் பார்க்கவில்லை. பூமாரியின் கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்து மார்த்தா அம்மையாரின் முன்னால் நீட்டினாள். "யுவர் ஐஸ் ரூம்" என்றாள். "நோ கோட். ஃபிங்கர் கான்."

மார்த்தா அம்மையார் அந்தக் கையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஹேமந்த்தைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். எழிலரசன் ஹேமந்த்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஹேமந்த் இங்கிலீஷில் பதில் சொன்னார். பின்வரிசையில் நின்ற பிரவீனாவுக்கு மட்டும்தான் அது முழுதாகப் புரிந்தது. அவர் சொன்னது: "நீங்கள் கோட்டு அனுப்புவதற்கு முன்னால் இந்த ஊரில் கோட்டே இல்லை, வீடெல்லாம் ஐஸ் ரூம் மாதிரி இருந்தது, குளிரில் விரல்கள் போயின என்று சொல்கிறார்கள்."

மார்த்தா அம்மையார் அழுதுவிட்டார். எழுந்து பூமாரியைக் கட்டிக்கொண்டார். "பொய்யி! அவரு பொய் சொல்றாரு!" என்று பிரவீனா கத்தினாள். அதையே இங்கிலீஷில் சொல்வதற்குள், வரவேற்புக்கு வந்திருந்த பறைமேளக்காரர்களுக்குச் சைகை காட்டிவிட்டார்கள். மார்த்தா அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேளத்தை ரசித்தார். கார் ஏறும் முன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அவர் எழுதியது என்ன என்பது நவம்பர் மழையில் தெரிந்தது. ஊருக்கு ஒரு லாரி வந்தது. ஆளுக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. இந்தத் தடவை ரேகை கேட்கவில்லை. ஹேமந்த் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பூமாரி வீட்டு வாசலில் கொஞ்சநேரம் தயங்கி நின்றார். அம்சவல்லி உள்ளே தரையில் உட்கார்ந்து, பூமாரிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் பார்க்காமல் ஒரு ஜோடியை நீட்டினார்.

பூமாரி வாங்கி, வலது கையில் மாட்டிக்கொண்டாள். நல்ல சிவப்பு நிறம். மூன்று விரல்கள் கச்சிதமாகப் போயின. மற்ற இரண்டும் காலியாகத் தொங்கின.

"அளவு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ஹேமந்த், டேப்லெட்டைப் பார்த்தபடி. "போட்டாத்தான் மேல போகும்."

பூமாரி கையைத் தூக்கி, தொங்கும் நுனிகளை இடது கையால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு வெரல் மிச்சம் கீது சார்" என்றாள். "ஐஸ் ரூம்ல எங்க எடத்துக்கு வந்துகிறாங்களே, அவங்க யார்னா கேட்டா வெட்டிக் குடுத்துடுங்க."